கணக்கில் வராத பிரயாணிகள்

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு லிட்டர் எஞ்சினுக்குள் எரிந்து முடிந்தபின் புகைக்குழாய் வழியே ஆகாயத்தில் கலக்கும் கரியமில வாயுவின் எடையோ சுமார் 2.3 கிலோ. ஊற்றியதைவிட வெளிவருவது மும்மடங்கு கனப்பது எங்ஙனம் என்று ஐயுறுகிறவர்களுக்குப் பள்ளிக்கூட ரசாயனமே பதில் சொல்லிவிடும். எண்ணெயிலுள்ள கரி தனியாக வெளியேறுவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு போகிறது. 12 பங்கு கரிக்கு 32 பங்கு பிராணவாயு என்பது அந்தச் சேர்க்கையின் விகிதம். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்து, ரூபாயும் பைசாவும் ஓடுவதைக் கண்ணிமைக்காமல் கவனிக்கிற நாம், அதே வேளையில் ஆகாயத்தின் பேரேட்டில் நம் பெயரில் எழுதப்படுகிற பற்றை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அதைப் பார்ப்பது ஒன்றும் கடினமல்ல. அலுவலகம் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்றும், வருஷத்தில் முந்நூறு நாள் போய் வருகிறோம் என்றும் வைத்துக்கொண்டால், பிரயாணம் ஆறாயிரம் கிலோமீட்டர் ஆகிறது. நகரத்து நெரிசலில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் காரில் ஒருவர் தனியாக அமர்ந்து இந்த தூரத்தைக் கடந்தால் 400 லிட்டர் பெட்ரோல். அதாவது 920 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில் போனால் சுமார் 300 கிலோ. டீசல் பஸ்ஸோ லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் ஓடும். டீசலின் லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ வாயுவும் வெளிப்படும். ஆயினும் ஐம்பது பேர் அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதால், ஆள் ஒன்றுக்கு வருஷம் முழுவதற்கும் சுமார் எண்பது கிலோதான். நின்றுகொண்டும் தொற்றிக்கொண்டும் போகிறவர்களையும் சேர்த்தால் இன்னும் குறையும். தொள்ளாயிரத்து இருபது, முந்நூறு, எண்பது என்னும் இந்த மூன்று எண்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் சொல்லப்போகும் விஷயம் முழுவதும் அவற்றிலிருந்தே பிறக்கிறது.

நான்காவது எண் ஒன்றும் உண்டு. அது நம் மத்தியதர வர்க்கத்தாருக்குச் சிறிது மனக்கஷ்டம் தரக்கூடியது. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழன்றால் பொறுக்காமல், எண்ணெய்ப் பொட்டலத்தின் காகிதத்தையும் மடித்து வைத்து, காய்கறி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றிச் சிக்கனத்தை ஒரு விரதம்போலவே அனுஷ்டித்துவரும் மாம்பலத்து மாமியோ மதுரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியரோ, நியூஜெர்ஸியில் இருக்கும் மகளின் பிரசவத்துக்கென்று ஆகாய விமானத்தில் ஏறி இறங்கித் திரும்பி வந்தார் என்றால், அந்த ஒரு பிரயாணத்தில் அவர் பங்குக்கு எழுதப்படும் வாயு இரண்டு டன்னுக்குக் குறையாது. போகவும் வரவும் இருபத்தேழாயிரம் கிலோமீட்டர் ஆயிற்றே! நம் பஸ் பிரயாணியின் எண்பது கிலோவோடு ஒப்பிட்டால், இது இருபத்தைந்து வருஷத்து உத்தியோகப் பிரயாணத்துக்குச் சமானம். விமானம் உயரத்தில் விட்டுச்செல்லும் வெண்மேகக் கீற்றுகள் தம் பங்குக்குச் சேர்க்கும் வெப்பத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

பேத்தியின் முகத்தைப் பார்க்காதே என்று ஒரு பாட்டியிடம் சொல்லும் தர்ம சாஸ்திரத்தை நான் எழுதத் துணியமாட்டேன். ஸ்வீடன் தேசத்தில் சில வருஷங்களுக்கு முன், விமானத்தில் ஏறுவதையே வெட்கத்துக்குரிய செயலாகக் கருதும் ஓர் இயக்கம் எழுந்தது. அந்நாட்டுச் சிறுமி கிரேட்டா துன்பர்க் 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து பாய்மரப் படகில் புறப்பட்டு, இரண்டு வாரம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் அலைப்புண்டு நியூயார்க்கில் கரையேறினாள். அந்த மன உறுதியை மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஸ்டாக்ஹோமில் வெட்கப்படுகிறவருக்கு ஐரோப்பா முழுவதும் ஓடும் ரயில் காத்திருக்கிறது. வெட்கம் அவரை ரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்லும். மாற்றுவழி இல்லாத இடத்தில் வெட்கம் மனிதனை எங்கும் அழைத்துச் செல்லாது. வீட்டில் உட்கார்ந்து புழுங்க வைக்கும், அவ்வளவுதான்.

நமக்கும் ஒரு காலத்தில் மாற்றுவழிகள் இருந்தன என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினவர் தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னார் வரை நீராவிக் கப்பலிலும், பின்னர் மறுபடி ரயிலிலுமாக, ஒரே டிக்கெட்டில் கொழும்பு போய்ச் சேரலாம். 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. பாம்பன் பாலம் சில மாதங்களில் செப்பனிடப்பட்டது; தனுஷ்கோடி வரையிலான இருப்புப்பாதையோ திரும்பவே இல்லை. கடல் கடந்து அடுத்த வீட்டுக்குப் போக இன்று நமக்கு ஆகாயமே முக்கிய மார்க்கம்.

இந்தக் கணக்குகளைத் தனிமனிதனின் தலைக்குமேல் எழுதிப் பார்க்கும் வழக்கம் எப்படிப் பரவிற்று என்பது தனியே ஒரு கதை. ஒரு ஜனசமூகம் பூமியின் எவ்வளவு பரப்பைத் தின்று வாழ்கிறது என்று அளக்கும் முறையைக் கனடா தேசத்தில் வில்லியம் ரீஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் மதிஸ் வாக்கர்நாகெலும் 1990-களில் வகுத்தார்கள். அது ஆராய்ச்சியாளர்களுக்குள் உலவிய கருத்து. அதே சாயலில், கரியமில வாயுவை மட்டும் ஆள் ஆளாகக் கணக்கிட்டுக்கொள்ளும் ஒரு கருவியை 2004-ல் இணையத்தில் வைத்துப் பெரும் விளம்பரத்தோடு சாமானிய ஜனங்களிடம் கொண்டுசேர்த்தது எது என்றால், பி.பி. என்னும் பிரிட்டிஷ் பெட்ரோலிய நிறுவனம்! எண்ணெய் விற்கிறவன், வாங்குகிறவனைப் பார்த்து, 'நீ எவ்வளவு புகைக்கிறாய் என்று சிந்தித்தாயா?' என்று கேட்டான். எண்ணெயைப் பூமியிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி அதற்குள் மெல்ல மறைந்துபோயிற்று. இதைத் தெரிந்துகொண்ட பலர், தனிநபர்க் கணக்கு என்பதே மோசடி என்று உதறிவிடுகிறார்கள். அதுவும் எனக்கு உடன்பாடில்லை. சொன்னவனுடைய உள்நோக்கம் எதுவாயினும், 2.3 கிலோ என்பது 2.3 கிலோதான்; பி.பி. சொல்வதற்கு முன்பும் அது அவ்வளவுதான். கணக்கைப் போடவேண்டும், ஆனால் கணக்குச் சீட்டை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் நாம் ஏமாந்துவிடக் கூடாது.

'எதற்கு இந்தக் கவலை நமக்கு? அமெரிக்கன் வருஷத்துக்குப் பதினான்கு டன் வெளியிடுகிறான். இந்தியன் இரண்டு டன்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. சர்வதேச மாநாடுகளில் நம் பிரதிநிதிகள் இதைச் சொல்வதில் நியாயம் முழுவதும் நம் பக்கமே இருக்கிறது. ஆனால் சராசரி என்பது ஏழை விரித்த குடை. அதன் நிழலில் பணக்காரன் சுகமாக நின்றுகொள்கிறான். காரும் குளிர்சாதனமும் வருஷம் ஒரு வெளிநாட்டுப் பிரயாணமும் உடைய சென்னைக் குடும்பத்தின் கணக்கு ஐரோப்பியக் குடும்பத்தின் கணக்குக்கு அதிகம் பின்தங்கியிருக்க இடமில்லை. சராசரியைக் கீழே இழுத்துப் பிடித்து நம் மானத்தைக் காப்பவர்கள், பஸ்ஸின் கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களும், சைக்கிள் மிதிக்கிறவர்களும், நடந்து போகிறவர்களுமே ஆவர். அவர்கள் கரியமில வாயுவைப் பற்றிக் கேள்விப்பட்டு அப்படி நடந்துகொள்ளவில்லை. வேறு வழியில்லாததால் நடக்கிறார்கள்.

சென்னையின் போக்குவரத்துச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், இந்த நகரம் புத்திசாலித்தனத்தில் தொடங்கிப் பிறகு பாதை மாறியதென்றே சொல்லத் தோன்றும். 1895 மே மாதத்தில் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. இந்தியாவில் மின்சாரத்தால் டிராம் ஓடிய முதல் நகரம் இதுவே. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. அதைத் தொடர்ந்தே மாம்பலமும் சைதாப்பேட்டையும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் உத்தியோகஸ்தர்கள் வீடு கட்டிக் குடியேறும் இடங்களாகச் செழித்தன; ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு என்பதே அன்றைய மனை விற்பனையின் மந்திரம். அந்த மின்சாரமும் நிலக்கரியிலிருந்து பிறந்ததுதான் எனினும், ஆயிரம் பேரை ஒருங்கே ஏற்றிச் செல்வதால் ஆளுக்கு விழும் பங்கு சொற்பம்.

1953 ஏப்ரலில் டிராம் கம்பெனி நஷ்டம் தாங்காமல் வண்டிகளை நிறுத்திற்று. அசைந்து அசைந்து போகும் அந்தப் பழைய வண்டியை, வேகத்தில் மோகம் கொண்டிருந்த அக்காலத்து ஜனங்களில் பலர் பரிகாசம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். தண்டவாளங்கள் போனபின் அந்தப் பாதைகள் பஸ்ஸுக்குக் கிடைத்தன. எண்பதுகளுக்குப் பின்னர் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் கிடைத்தன. பாதசாரிக்கு ஏதேனும் கிடைத்ததா என்று நான் தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை. சாலையை அகலப்படுத்த வேண்டும் என்றபோதெல்லாம் நடைபாதை குறுகிற்று. மேம்பாலம் ஒன்று எழுந்தபோதெல்லாம் அதன் அடியில் குறுக்கே கடக்கிறவனுக்கு ஆயுள் அஞ்சு நிமிஷம் குறைந்தது. பறக்கும் ரயில் என்று பெயர் சூட்டிய பாதை 1995-ல் சேப்பாக்கம் வரையும், 1997-ல் மயிலாப்பூர் வரையும், 2007-ல் வேளச்சேரி வரையும் பறந்து, பரங்கிமலைக்கு மிஞ்சிய ஐந்து கிலோமீட்டரைக் கடக்கமாட்டாமல் ஆண்டுக்கணக்கில் இறக்கை மடக்கி நின்றது. 2015-ல் மெட்ரோ ரயில் வந்தது. சுத்தமும் ஒழுங்குமாக ஓடுகிறது. அதிலிருந்து இறங்கி வீடுவரை போகும் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குத்தான் ஷேர் ஆட்டோவின் தயவை நாடவேண்டியிருக்கிறது.

2014-ல் சென்னை மாநகராட்சி நடைக்கும் சைக்கிளுக்குமென்றே ஒரு கொள்கையை வகுத்து, போக்குவரத்துச் செலவில் பெரும்பகுதி அவற்றுக்கே என்று தீர்மானித்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. குழந்தைகளும் முதியவர்களும் அச்சமின்றி உலாவுவதைக் கண்டால் இந்த ஊரில் இதுவும் சாத்தியமா என்ற வியப்பு இன்னும் அடங்குவதில்லை. ஆனால் அது துணி எடுக்க வருகிறவர்களுக்கான நடைபாதை. வேலைக்குப் போகிறவனின் நடைபாதையில் டிரான்ஸ்பார்மரும், இளநீர்க் கடையும், நிறுத்திய மோட்டார் சைக்கிள்களும் இருக்கின்றன. அவன் தார்ச்சாலையில் நடக்கிறான்.

எல்லாவற்றிலும் என்னை அதிகமாகச் சிந்திக்க வைப்பது, குடிசைவாசிகளை நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் குடிவைத்த கண்ணகி நகரும் பெரும்பாக்கமும்தான். கூவம், அடையாறு முதலிய ஆறுகளின் கரையில் குடிசைகட்டி வாழ்ந்தவர்கள் நகரின் நடுவிலேயே இருந்தார்கள். வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் மீன்கடைக்கும் நடந்தே போனார்கள். பிரயாணத்தைப் பொறுத்தவரை அவர்களுடைய கரியமில வாயுக் கணக்கு பூஜ்யம். 2015 டிசம்பர் மழையில் அடையாறு பெருகி வந்து நகரத்தையே மூழ்கடித்தது. ஆற்றங்கரை அபாயமானது என்ற காரணத்தைச் சொல்லி, குடும்பம் குடும்பமாக அவர்களை இருபது கிலோமீட்டருக்கு அப்பால், பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்த்தார்கள். அதுவும் சதுப்பு நிலத்தின் ஓரம் என்பது வேறு விஷயம். வேலை மயிலாப்பூரிலும் சைதாப்பேட்டையிலும் நின்றுவிட்டது. வேலைக்காரி மட்டும் பெரும்பாக்கத்துக்குப் போய்விட்டாள். விடியற்காலையில் பஸ் பிடித்து, மாறி ஏறி, வேலையை முடித்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறாள். காலால் நடந்தவளைச் சர்க்காரே பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மூச்சுவிட இடமில்லாத அந்த பஸ்ஸுக்குப் பயந்து அவள் மகன் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும்போது, காற்று மாசுபடுகிறதே என்று நாம் கட்டுரை எழுதுகிறோம்.

அந்த 2015 வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையமும் மூழ்கிச் சில நாட்கள் மூடிக் கிடந்தது. அதன் இரண்டாவது ஓடுபாதையே அடையாற்றின்மீது பாலம் போட்டுக் கட்டப்பட்டது. அந்த ஒரு மழையை அப்படியே பூமியின் வெப்பக் கணக்கில் எழுதிவிட விஞ்ஞானிகள் இசையவில்லை. ஏரிகளை நிரப்பி மனை போட்ட நம் கைங்கரியத்துக்கும் அதில் பெரும் பங்குண்டு. பொதுவான போக்கைப் பற்றியோ அவர்களுக்கு ஐயமில்லை. கரியமில வாயு பெருகினால் உலகம் சூடேறும் என்று ஸ்வீடன் விஞ்ஞானி அரேனியஸ் 1896-ல், நம் டிராம் ஓடத்தொடங்கிய மறுவருஷம், கையால் கணக்கிட்டுச் சொன்னார். யந்திர யுகத்துக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அந்த வாயு, 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315 ஆக இருந்தது. இப்போது 420-ஐக் கடந்துவிட்டது. 2024-ஆம் ஆண்டே மனிதன் அளந்தறிந்தவற்றுள் மிக வெப்பமானது. அந்த வெயிலில் நிழற்குடை இல்லாத பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மின்சார வண்டிகள் வந்துவிட்டன, இனிக் கவலை இல்லை என்கிறார்கள். உண்மையில் பாதியளவுக்கு அது சரி. நம் நாட்டு மின்சாரம் யூனிட் ஒன்றுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயுவைச் சுமந்தே வருகிறது. ஆயினும் மின்சார ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட்தான் எடுத்துக்கொள்வதால், பெட்ரோல் ஸ்கூட்டரின் பாரத்தில் பாதிக்கும் குறைவாகவே சுமத்துகிறது. வரவேற்க வேண்டியதே. அண்ணா நகரில் புகையின்றிச் செல்லும் வண்டிக்காக எண்ணூரில் நிலக்கரி எரிகிறது, சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சேர்கிறது, அங்குள்ள மீனவன் வலையில் இறால் குறைகிறது என்பதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும். நெரிசலில் நிற்கும் கார் மின்சாரக் காராயினும் நெரிசல் நெரிசலே. மின்சார பஸ்ஸோ இரு நோயையும் ஒரே மருந்தில் தீர்க்கக்கூடியது. சென்னையில் அவை 2025-ல் ஓடத் தொடங்கியிருப்பது, தாமதமாயினும் நல்ல காரியம்.

பஸ்ஸுக்கு ஜனங்கள் வருவதும் போவதும் அவர்களுடைய குணத்தைப் பொறுத்ததல்ல என்பதற்கு நம் மாநிலத்திலேயே இரண்டு திருஷ்டாந்தங்கள் உண்டு. 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஒரே இரவில் உயர்ந்தது; மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள்; அரசு சிறிது குறைத்தும், பலர் பஸ்ஸை விட்டு நிரந்தரமாக விலகினார்கள். 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. ஷேர் ஆட்டோவில் போனவர்களும், அதற்கும் காசின்றி வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் பஸ் ஏறினார்கள். மாதம் எண்ணூறு ரூபாய்க்கு மேல் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்லிற்று. ஓசிப் பிரயாணம் என்று அதைக் கேலி செய்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: காற்றைக் கெடுக்காமல் போகிறவளுக்கு நகரம் கொடுக்க வேண்டிய கடனின் சிறு பகுதியே அது.

ஏழ்மையினால் பஸ்ஸில் போகிறவன் கையில் நாலு காசு சேர்ந்ததும் முதல் காரியமாக பஸ்ஸை விட்டு ஓடுவானானால், அந்த ஊரின் சுத்தக் காற்று அவனுடைய வறுமையை அடமானம் வைத்து வாங்கியதாகும். அப்படிப்பட்ட சுத்தம் நிலைக்காது, நிலைக்கவும் கூடாது. வசதி வந்த பிறகும் ஒருவன் பஸ்ஸிலேயே போக விரும்பும்படி பஸ்ஸையும் நிறுத்தத்தையும் நடைபாதையையும் ஆக்குவதே சீதோஷ்ணத்தைக் காக்க ஒரு நகரம் செய்யக்கூடிய தலையாய காரியம் என்பது என் அபிப்பிராயம். ஒரு கோடி ஜனங்கள் வாழும் பெருநகருக்கு மூவாயிரத்துச் சொச்சம் பஸ்கள் என்ற நிலை இருக்கும்வரை, தனிமனிதனுக்குச் செய்யும் உபதேசம் பாதிக் கிணறே தாண்டும்.

ஆகவே வாசகர்கள் தங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். காரை வாரத்தில் இரண்டு நாள் நிறுத்தி வைக்க முடியுமானால் வைக்கட்டும். வருஷந்தோறும் அமெரிக்கா போகிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போய், கூடுதலாக ஒரு மாதம் பேரக்குழந்தையோடு இருந்துவிட்டு வரட்டும். அதன்பின் அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் அதை நீட்டி, நம் தெருமுனையில் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வருமா, அதுவரை நடந்துபோக ஒரு பாதை இருக்குமா என்று கேளுங்கள். பெரும்பாக்கத்திலிருந்து வருகிற அம்மாளுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.